கூட்டம் எங்கே நடக்கிறது? குடிநோயிலிருந்து மீளும் ஒரு விசைத்தறித் தொழிலாளி: நிகழ்வு ஆய்வு

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். குடிநோய்க்காகச் சேர்ந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்துச் சீட்டின் அடியில் ‘ஏஏ கூட்டத்துக்குச் செல்லவும்’ என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அந்த வரியை வாங்கிக்கொண்டு போகிறவர் உண்மையிலேயே ஒரு கூட்டத்தில் போய் உட்காருவதற்குள் என்னென்ன கடக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக இந்த ஒருவரின் கதையைப் பதிவு செய்கிறேன். அவருடைய வயது, ஊர், குடும்ப விவரங்களில் சிலவற்றை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

நாற்பதைத் தாண்டியவர். ஈரோடு, நாமக்கல் மாவட்டங்கள் காவிரியில் முட்டிக்கொள்ளும் பக்கத்தில் ஒரு விசைத்தறி ஊர். 12 மணி நேர ஷிப்ட். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு. முதலாளியிடம் ‘பாக்கி’ வாங்கியிருந்தார். முன்பணத்தைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். அது தீராமல் வேறு பட்டறைக்கு மாற முடியாது. மனைவி அதே பட்டறையில் தார் போடுகிறார், அதாவது ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறார். மகள் பதினோராம் வகுப்பு, மகன் ஏழாவது.

குடி இருபது வயதில், அலுப்புக்கு ஒரு ‘கட்டிங்’ என்று தொடங்கியிருக்கிறது. கடைசி நான்கைந்து வருடங்களாகத் தினம் இரண்டு குவாட்டர். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடைக் கணக்கில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். அவர் உடம்புக்குள் ஒவ்வொரு நாளும் 120 கிராம் போய்க்கொண்டிருந்தது. காலையில் கை நடுங்கினால் அறுந்த இழையை முடிய வராது. கடை திறக்கும் பகல் 12 மணி வரை தாங்காது என்பதால் முந்தின இரவே கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வார்.

அதற்கு முன்பும் முயற்சி செய்யாமல் இல்லை. வருடா வருடம் சபரிமலைக்கு மாலை போடுவார். மாலை கழுத்தில் இருக்கும் வரை தொட மாட்டார். ‘நினைச்சா நிறுத்திடுவான்’ என்று வீட்டாரும் அவரும் பல வருடம் நம்பியதற்கு இதுதான் காரணம். மாலையைக் கழற்றிய அன்றே மறுபடி ஆரம்பித்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு கோயிலில் கயிறு கட்டினார்கள். அப்புறம், ‘குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்’ என்று சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து மனைவி ஒரு பொடி வாங்கிக் கலந்திருக்கிறார். வாந்தி வந்து அவர் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு பல மாதம் வீட்டில் சாப்பிடவே இல்லை. கடைசியாக ஒரு தனியார் மறுவாழ்வு மையம்: ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோய் மூன்று மாதம் பூட்டி வைத்திருந்தார்கள், அடியும் விழுந்தது. வெளியே வந்து நேராகக் கடைக்குப் போனார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், உள்ளே இருப்பவருக்கும் உரிமைகள் உண்டு என்பது அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியும்.

அனுமதியின்போது கண்டவை

மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அதற்குத் தெளிவாகப் போக வேண்டும் என்று தானாகவே குடியை நிறுத்தினார். இரண்டாவது நாள் இரவு ஷிப்டில் தறிக்குப் பக்கத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார். உடன் வேலை செய்தவர்கள் கையில் இரும்புச் சாவியைத் திணித்து, பிறகு எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

நிறைய குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்த நாட்களில் ஆள் தெரியாத குழப்பமும் இல்லாதது தெரிவதும் வரலாம், உயிரும் போகலாம். இவருக்கு மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிக் கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும், அளவை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரும் தூக்க மருந்தும் கொடுத்து ஒரு வாரத்தில் நிலைக்கு வந்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவத்தில் 28 மதிப்பெண். 20ஐத் தொட்டாலே அடிமைநிலை இருக்கக்கூடும் என்று கொள்வது வழக்கம். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் அதிகம். நல்லவேளையாகச் சுருக்கம் இல்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘கூட்டத்துக்குப் போனால் சரியாகிவிடும்’ என்று நினைத்து, இந்த நிலையில் இருப்பவரை மருத்துவமனைக்கு வராமல் நேராகக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. உடம்பு குடியை விடும் அந்த முதல் வாரம் மருத்துவரின் பொறுப்பு.

ஏன் குழு

வெளியே அனுப்பும் முன் என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசினோம். குடித்தால் ஒவ்வாத டைசல்ஃபிரம் மாத்திரையை மருத்துவர் விரும்பவில்லை. கல்லீரல் அறிக்கை ஒரு காரணம். இன்னொரு காரணம், மனைவி முதல் வார்த்தையாகவே, “நான் சோத்துல கலந்து போட்டர்றனுங்க” என்றது. நோயாளிக்குத் தெரியாமல் அதைக் கொடுத்து, மேலே அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடும். ஆகவே ஏக்கத்தைக் குறைக்கும் வேறு மாத்திரையும், மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதும் முடிவாயின.

குழுவைப் பற்றி யோசிக்க வைத்தது அவர் சொன்ன ஒரு வாக்கியம். “குடிக்கணும்னு தோணுச்சுன்னா யாருக்குப் போன் பண்ணுவீங்க?” என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, “குடிக்காதவன்னு எனக்கு ஒருத்தனையுந் தெரியாதுங்க சார்” என்றார். மச்சினன், பக்கத்துத் தறிக்காரர், மேஸ்திரி, டீக்கடைக்காரர் வரை எல்லாரும் குடிப்பவர்கள். மாத்திரையால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் பிறந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 27 ஆய்வுகளில் பங்கேற்ற 10,565 பேரின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏஏவோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, சிலவற்றைவிட மேல் என்று அது சொன்னது. பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள்தான். நம் தறிப்பட்டறைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘முறையாக இணைத்துவிடும்’ என்ற பகுதியைக் கவனிக்க வேண்டும். சீட்டில் ஒரு வரி எழுதுவது அதில் சேராது.

தேடல்

வார்டு அறிவிப்புப் பலகையில் கூட்டங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. நகலின் நகல், தேதி கிடையாது. முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது முகவரிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் எங்கள் ஊழியர் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொன்னோம். 2020 ஊரடங்கில் நின்ற கூட்டம் அங்கே திரும்பத் தொடங்கவே இல்லை என்று காவலாளி சொல்லியிருக்கிறார். மூன்றாவது எண்ணில் ஒரு அம்மா எடுத்தார். “அவரு தவறி ரெண்டு வருசமாச்சுங்க. குடிச்சு இல்லீங்க, நெஞ்சு வலி” என்றார். கேட்காமலே அதைச் சொன்னது எனக்குப் பிறகும் மனதில் இருந்தது.

பட்டியல் இப்படிப் பழசாகிப் போவதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஏஏவின் குழுக்களைச் சம்பளம் வாங்கும் ஆள் யாரும் நடத்துவதில்லை. செயலாளர் பொறுப்பு உறுப்பினர்களுக்குள் சுற்றி வரும்; தொடர்பு எண் பெரும்பாலும் அந்தச் சமயத்துச் செயலாளரின் சொந்தக் கைப்பேசி. இடமும் வாடகைக்குத்தான்; பள்ளி நிர்வாகம் மாறினால் கூட்டமும் இடம் மாறும். டாஸ்மாக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டு இதுவரை எந்த நோயாளியும் எங்களிடம் வந்ததில்லை. 2003இலிருந்து சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. கடைக்குப் பலகை உண்டு, நேரம் உண்டு.

கடைசியில் வழி கிடைத்தது முன்பு எங்களிடம் சிகிச்சை பெற்ற ஒருவர் மூலமாக. மாத்திரை வாங்க வந்தவரிடம், “இப்பவும் கூட்டத்துக்குப் போறீங்களா? எங்கே?” என்று கேட்டதும் ஓர் எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணை நான் எழுதிக் கொடுக்கவில்லை. நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினேன். அந்தப் பக்கம் இருந்தவர் என்னோடு இரண்டு வார்த்தைதான் பேசினார். “அவருகிட்ட குடுங்க சார்.” அப்புறம் நேராக, “ஏனுங் தம்பி, வலிப்பு வந்துச்சாமே? எனக்கும் வந்துச்சுங்க, பஸ்ஸுல” என்று ஆரம்பித்தார். அறிவுரையே கிடையாது. தன் கதையைக் கொஞ்ச நேரம் சொன்னார், பிறகு எந்த பஸ் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று சொன்னார். “நானே பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். கையில மஞ்சப் பை இருக்கும்.”

நோயாளிக்கு இரண்டு சந்தேகங்கள் இருந்தன. கூட்டம் நடப்பது தேவாலயப் பள்ளியின் வகுப்பறை, “வேதத்துல சேத்துருவாங்களா?” என்றார். இன்னொன்று, காசு எவ்வளவு. இரண்டையும் மஞ்சள் பைக்காரரிடமே கேட்கச் சொன்னேன். வகுப்பறைக்கு மாத வாடகை கொடுப்பதாகவும், பள்ளிக்கும் தங்களுக்கும் வேறு தொடர்பு இல்லை என்றும் அவர் சொன்னார். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் சேர்வதற்குத் தகுதி. கட்டணம் இல்லை; ஒரு பை சுற்றி வரும், இருப்பவர் பத்தோ இருபதோ போடலாம், இல்லாதவர் பையைப் பக்கத்தில் தள்ளலாம்.

முதல் கூட்டம்

வியாழன் மாலை 7 மணி. திறந்த கூட்டம் என்பதால் குடும்பத்தாரும் வரலாம். மனைவியும் நானும் கூடப் போனோம். பகல் ஷிப்ட் 8 மணிக்குத்தான் முடியும். பக்கத்துத் தறிக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால் ஆறு மணிக்கே கிளம்பினார். பட்டறையில் சொன்ன காரணம் பல் வலி.

பள்ளிப் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பதினைந்து பேருக்குள் இருக்கும். டீ வந்தது. ஒருவர் முன்னுரையைத் தமிழில் வாசித்தார். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று சொல்லிப் பேசினார்கள். பேசும்போது யாரும் குறுக்கிடவில்லை. பேசி முடித்ததும் விளக்கமோ தீர்ப்போ இல்லை. பேச விரும்பாதவர் ‘இன்னிக்குக் கேட்டுக்கறேன்’ என்றால் போதும். மருத்துவமனைக் குழுச் சிகிச்சையில் இதைக் கொண்டுவர நாங்கள் மிகவும் பாடுபடுவோம். அங்கே அது தன்னால் நடந்துகொண்டிருந்தது.

பாதியில் தாமதமாக ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். நம்மவர் முகம் மாறியது. எழுந்து வெளியே போய்விட்டார். அந்தப் பெரியவர் அவருடைய பட்டறை முதலாளிக்கு மாமனார் முறை. மஞ்சள் பைக்காரர் சத்தமில்லாமல் பின்னாலேயே போய், பஸ் வரும்வரை அவரோடு நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வா என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று மனைவி பிறகு சொன்னார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

மறுநாள் இதைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. அங்கே பார்த்தவரைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது ஏஏவின் அடிப்படை வழக்கம், பெரியவரும் அதே நோயாளிதானே, தொடரட்டும் என்றார் மருத்துவர். சொல்வது சரிதான். ஆனால் முதலாளியிடம் கடன்பட்டிருக்கும் ஒருவருக்கு அந்த உறுதிமொழி எவ்வளவு கனமாக இருக்கும் என்பதை வெளியே இருந்து நாம் முடிவு செய்ய முடியாது என்று தோன்றியது. மனைவியும், “வேண்டாமுங்க, பாக்கிய ஒரே தடவையில கட்டச் சொல்லிட்டா எங்க போறது?” என்றார். தவிர, இரவு ஷிப்ட் வாரங்களில் வியாழன் கூட்டம் எப்படியும் முடியாது, அது 8.30க்குத்தான் முடிகிறது, தறியில் 8 மணிக்கு நிற்க வேண்டும்.

மஞ்சள் பைக்காரரே வேறு குழுவைச் சொன்னார். ஆற்றுக்கு அக்கரையில், ஞாயிறு காலை 10.30. தறிக்கு விடுமுறை, தெரிந்த முகம் இருக்காது. ஒரு சிக்கல் மட்டும்: கூட்டம் முடிவது 12 மணிக்கு, கடை திறப்பதும் அதே நேரத்துக்கு. பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் கடை. அந்தக் குழுவினருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் புதியவர் யாரையும் தனியாக விடுவதில்லை; எதிர்ப்பக்கத் தெரு வழியாக டீக்கடை, அங்கேயிருந்து பஸ். இரவு ஷிப்ட் வாரங்களில் மகளின் கைப்பேசியில் தமிழில் நடக்கும் இணையவழிக் கூட்டத்தையும் கேட்டுப் பார்த்தார். ஒற்றை அறை வீடு. மாடிப்படியில் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்பதோடு சரி, பேச வரவில்லை.

பங்குனியிலிருந்து ஆடி வரை இப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமைகளை அநேகமாக விடவில்லை. மஞ்சள் பைக்காரரையே ஸ்பான்சராக, அதாவது புதியவருக்குத் துணை நின்று வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஏஏ மீள்வதற்கு வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில், குடி தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் முதல் படியைத் தாண்டவே நேரம் எடுத்தது. மாலை போட்ட வருடங்களைச் சொல்லி ‘எனக்கு அவ்வளவு மோசம் இல்லை’ என்று வாதாடியிருக்கிறார்.

ஆடிப்பெருக்கு

ஆடி 18. ஆற்றங்கரை ஊர்; சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள், கறி விருந்து. மச்சினன் ஊற்றிக் கொடுத்தார், இவர் குடித்தார். அந்த ஞாயிறு கூட்டத்துக்குப் போகவில்லை, அடுத்ததற்கும் இல்லை. எங்கள் மாத முறைக்கும் வரவில்லை. மனைவி எனக்குப் போன் செய்தபோது மறுபடி தினக்குடி தொடங்கியிருந்தது.

இந்த முறை வலிப்பு அபாயம் இருப்பதால் திடீரென்று நிறுத்த வேண்டாம், முதலில் மருத்துவமனைக்கு வரட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். கணவரின் சம்மதத்தை மனைவி மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டு மஞ்சள் பைக்காரருக்கும் தகவல் கொடுத்தோம். இன்னொரு உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு இருவராக வீட்டுக்குப் போனார்கள். அக்கம்பக்கத்தில் நூல் வியாபாரிகள் என்று நினைத்துக்கொண்டார்களாம். திட்டவில்லை, உறுதிமொழி வாங்கவில்லை. “நாங்க எத்தனை தடவ விழுந்தோம்னு கேட்டீங்கன்னா சிரிப்பீங்க” என்றாராம் கூட வந்தவர். மறுநாள் வார்டில் சேர்ந்தார். முதல்முறையைவிடக் குறைவான நாட்களே இருந்தார், வலிப்பு வரவில்லை.

திரும்பக் கூட்டத்துக்குப் போனபோது, எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அவரே தன் கணக்கை முதல் நாளிலிருந்து ஆரம்பிப்பதாகச் சொன்னார். அந்த நான்கு மாதங்கள் வீண் என்று நான் நினைக்கவில்லை. போன் செய்து வரவழைக்க இரண்டு பேர் கிடைத்தது அந்த மாதங்களில்தான்.

இதன் பிறகு ஒரு முடிவு எடுத்தோம். சனிக்கிழமை கூலி கைக்கு வரும் மாலைதான் எப்போதும் முதல் வழுக்கல். அவர் எழுதிக் கொடுத்ததன் பேரில் மேஸ்திரி கூலியை மனைவியிடம் கொடுக்கத் தொடங்கினார். காரணத்தை மேஸ்திரியிடம் அவரே சொன்னார். அதுவரை பல் வலி என்றே சொல்லிவந்தவர்.

இப்போதைய நிலை

அடுத்த ஆடியும் குடிக்காமல் கடந்தது. இதை எழுதும்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கல்லீரல் நொதிகள் இயல்பு அளவுக்கு வந்துவிட்டன. வியாழன் கூட்டத்துக்கும் பகல் ஷிப்ட் வாரங்களில் அவராகவே போகத் தொடங்கினார். அங்கே பெரியவர் சொன்னதாக அவர் சொன்னது: “பட்டறைப் பேச்சு பட்டறையோட. இங்க உனக்கு முன்னாடி விழுந்தவன் நான், அவ்வளவுதான்.”

எல்லாம் சரியாகிவிடவில்லை. பாக்கி குறைந்திருக்கிறது, தீரவில்லை. வியாழக்கிழமைகளில் கூலி குறைகிறது. மகள் இன்னும் அப்பா வீட்டுக்குள் வந்ததும் பக்கத்தில் போய் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்க்கிறாள். அவருக்கு அது தெரியும், ஒன்றும் சொல்வதில்லை. மனைவிக்கென்று குழு கிடைக்கவில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கிய அல்-அனான் அமைப்புக்கு அவர் போய்வரக்கூடிய தூரத்தில் தமிழில் கூட்டம் எதையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. திறந்த கூட்டங்களுக்கு வருகிறார், மஞ்சள் பைக்காரரின் மனைவியோடு போனில் பேசுகிறார்.

வார்டில் மாற்றியவை

பழைய பட்டியலைக் கிழித்துவிட்டோம். புதியதில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எதிரே, கடைசியாக யார் எந்தத் தேதியில் போன் செய்து உறுதி செய்தார் என்று இருக்கிறது. மாதம் ஒருமுறை அந்த வேலை ஒருவர் பொறுப்பு. எண்ணைத் தாளில் எழுதிக் கொடுப்பதில்லை, வீட்டுக்கு அனுப்பும் முன் நோயாளியையே பேச வைக்கிறோம். முதல் கூட்டத்துக்கு வாசலிலோ பஸ் நிறுத்தத்திலோ ஓர் உறுப்பினர் நிற்பாரா என்று கேட்டுக்கொள்கிறோம். இதுவரை கேட்டவர்களில் யாரும் மறுத்ததில்லை.

ஷிப்ட் நேரம், கடைசி பஸ், வழியில் கடை இருக்கிறதா என்பவற்றைச் சிகிச்சைத் தாளிலேயே எழுதுகிறோம். ‘அந்த அறையில் யாரைப் பார்த்தால் உங்களுக்குச் சங்கடம்?’ என்று முன்கூட்டியே கேட்கிறோம். சின்ன ஊர்களில் இந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக இருக்கிறது. முதல் குழு ஒத்துவராவிட்டால் போக இரண்டாவது குழுவையும் அப்போதே சொல்லிவிடுகிறோம். இரவு நேரத்தில் குடிக்கத் தோன்றிப் பேச ஆளில்லாதவர்களுக்கு 14416 டெலி மனஸ் எண்ணையும், குடும்பத்தார் விசாரிக்க 14446 போதை மீட்பு உதவி எண்ணையும் கைப்பேசியிலேயே பதிந்து கொடுக்கிறோம்.

பெண் நோயாளிகளுக்கு இதில் எதுவும் உதவவில்லை. இதே மாதங்களில் வார்டில் இருந்த ஒரு பெண்ணிடம் வியாழன் கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, “அத்தன ஆம்பளைங்க நடுவுல நான் எப்படி உக்காந்து சொல்றது?” என்றார். இணையவழிப் பெண்கள் கூட்டம் ஒன்றில் சேர்த்துவிட்டோம், சில வாரங்களில் நின்றுவிட்டார். வெளிநோயாளிப் பிரிவின் கூடத்தை ஞாயிறுகளில் பெண்களுக்கான கூட்டத்துக்குத் தரும்படி விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். நடத்த வருவதாகக் கோவையிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அனுமதி இன்னும் வரவில்லை.